ஜெப நேரத்தில் அலறிய கார்

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கராஜிலிருந்து திரும்பிய மறுநாளே மெலேசாலாவின் கார் ஊர் மானத்தை வாங்கிவிட்டது. ஊர் மானம் என்ன ஊர் மானம், மெலேசாலாவின் மானம்தான். இரண்டும் ஒன்று என்று எட்டு வருடமாக ஊருக்கே பாடம் எடுத்தவள் அவள். பெண்கள் கமிட்டியின் தலைவி ஆயிற்றே.

அந்த ஊரில் பொழுது சாயும்போது முதல் மணி அடித்தால் எல்லாரும் வீட்டுக்குள். இரண்டாம் மணிக்கு ஜெபம். மூன்றாவது அடிக்கும்வரை ஒருவரும் வெளியே தலைகாட்டக் கூடாது. லாவாலாவா வேட்டியை இறுக்கிக் கட்டிய இளைஞர்கள் ரோட்டோரம் வரிசையாக நின்று, தலைநகர் ஆப்பியாவிலிருந்து வரும் பஸ்ஸைக்கூட மறித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் யார் வீட்டில் ரேடியோ முனகினாலும் மெலேசாலாவுக்குக் கேட்டுவிடும். போன ஈஸ்டருக்கு முன் ஃபுவாதினோ வீட்டு ரேடியோவை யாரோ அணைக்க மறந்துபோக, "உனக்குக் காது கேக்கலையா, இல்ல பக்தி இல்லையா?" என்று அத்தனை பெண்கள் நடுவிலும் கேட்டாள். ஃபுவாதினோ ஒரு பெட்டி டின் மீனை அபராதமாக வைத்தாள். மீனை ஊரே தின்று மறந்துவிட்டது. கேள்வியை ஃபுவாதினோ மறக்கவில்லை.

இப்போது அதே நேரத்தில் கார் அலறியது. முதல் மணி ஓயக்கூட இல்லை, ஊய் ஊய் என்று ஆரம்பித்துவிட்டது. விளக்கெல்லாம் கண் சிமிட்டின. மெலேசாலா பாயில் உட்கார்ந்தபடியே வெளியே பார்த்தாள். சுவரில்லாத வீடு, அவளுக்குக் கார் தெரிந்தது, ஊருக்கு அவள் தெரிந்தாள்.

"அமுக்குங்களேன்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

கணவன் யாகோபோ சாவியை அமுக்கினான். எட்டவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு கையை வெளியே நீட்டி மறுபடி அமுக்கினான்.

"இன்னும் ரெண்டு அடி வெளிய போனா ஆகிடும்டி."

"போய்த்தான் பாருங்க! தலைவி புருஷன் ஜெப நேரத்துல முற்றத்துல நடந்தான்னு நாளைக்குக் கடற்கரை வரைக்கும் பேசுவாங்க."

ஆக, கார் கத்தியது, அவர்கள் ஜெபித்தார்கள். ஆண்டவருக்கு எது கேட்டதோ.

மறுநாள், மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடும் பிள்ளைகள்தான் உரசுகிறார்கள் என்று முடிவு கட்டி, காரைச் சுற்றித் தென்னோலை வேலி வைத்தாள். கார் கத்தியது. அதற்கடுத்த நாள் பன்றிகள் மேல் சந்தேகம். பன்றியும் பிள்ளையும் போகாத ஒரே இடம் கோயில் வளாகம். அங்கே, மணி தொங்கும் ஈரப்பலா மரத்தடியில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அன்றைக்கு அது கத்திய கத்தலில் போதகர் சங்கீதத்தை இரண்டு முறை முதலிலிருந்து ஆரம்பித்தார் என்று கேள்வி.

காரைத் திரும்ப ஆப்பியாவுக்கு ஓட்டிப்போய் மெக்கானிக் பெசமினோவின் தலையில் கட்டினாள். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அவன் சாவியை நீட்டினான்.

"ஒரு சத்தம் இல்லக்கா. கைக்குழந்தை மாதிரி தூங்குச்சு. உங்க ஊர்தான் அதுக்கு ஒத்துக்கல போல."

"ஒத்துக்கலையா? நாலு வருஷமா அங்கதானே நிக்குது! நீ கைவச்ச அப்புறம்தான்டா இந்தக் கூத்து. கண்ணாடி போடச் சொன்னா கழுத்தை அறுத்துட்டியே!"

இதற்குள் ஃபுவாதினோ வீட்டிலிருந்து ஒரு செய்தி கிளம்பி, கடைத்தெருவைச் சுற்றி, மெலேசாலாவின் காதுக்கே வந்துவிட்டது. யாகோபோதான் உள்ளே உட்கார்ந்து சாவியை அமுக்குகிறானாம். "புதுக் கண்ணாடி போட்டிருக்குல்ல, ஊரு திரும்பிப் பாக்க வேணாமா?"

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கமிட்டிக்குத் தலைவி தேர்வு. எட்டு வருடமாக எதிர்த்து நிற்க ஆளில்லை. இந்த முறை ஃபுவாதினோ நிற்கிறாள். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மெலேசாலா மறுபடி பெசமினோவுக்குப் போன் போட்டாள். திட்டுவதற்குத்தான்.

"திட்டுங்கக்கா, பரவாயில்ல," என்றான் அவன். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது கத்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது. மணி அடிப்பாங்க, உட்காருவோம், இது ஆரம்பிச்சிடும்."

"என்ன மணி?"

"என்ன மணின்னா? ஊர் மணிதான். காலி கேஸ் சிலிண்டர், இரும்புக் கம்பியால அடிப்பாங்க."

மறுமுனையில் பெசமினோவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பிறகு ஒரு மாதிரி இழுத்தான். "அக்கா... கண்ணாடியை யாராவது தட்டினா தெரிஞ்சுக்க உள்ள ஒரு கருவி இருக்கு. உங்களுதுல செத்தே போயிருந்துச்சு. டவுன்ல ரேடியோ திருடுறானுங்களேன்னு, சும்மா ஒரு உபகாரமா சரி பண்ணி, கொஞ்சம் கூடவே முறுக்கி வச்சேன். உங்க மணிச் சத்தத்தையும் அது கண்ணாடி உடையுற சத்தம்னு நினைச்சுக்குது போல. இங்க மணி கிணி ஏதும் இல்ல. அதான் எனக்குத் தெரியல. திங்கட்கிழமை வந்து குறைச்சுடறேன்."

"உன்னை யாருடா உபகாரம் பண்ணச் சொன்னா?"

திங்கட்கிழமை வரை யார் காத்திருப்பது? ஐந்து மணிக்கு மானம் போய்விடும்.

கமிட்டிக் கூடம் கோயிலுக்கு எதிரே. நான்கு பக்கமும் திறப்பு. கடல் பக்கத்திலிருந்து மழை மேகம் ஏறி, ஐந்து மணியே ஆறரை போல இருட்டிக்கொண்டு வந்தது. போதகரம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். மெலேசாலா எழுந்து கருவியைப் பற்றி விளக்கினாள். யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

"மணி நாப்பது வருஷமா அடிக்குது," என்றாள் ஃபுவாதினோ, விசிறிக்குப் பின்னாலிருந்து. "உன் கார் ஒரு வாரமாத்தான் கத்துது. பழி மணி மேலயா?"

"நம்பலையா? இரு. உன் கண்ணாலயே பாரு!"

போதகரம்மா "அம்மா, அம்மா" என்று கூப்பிடக் கூப்பிட, மெலேசாலா விறுவிறுவென்று மரத்தடிக்குப் போய், கம்பியை எடுத்து, கூட்டத்துக்கு ஓட்டிவந்து பக்கத்தில் நிறுத்தியிருந்த காரைப் பார்த்துக்கொண்டே சிலிண்டரில் ஓங்கி ஏழெட்டு அடி போட்டாள்.

கார் வீறிட்டது. எந்தக் கச்சேரியிலும் இவ்வளவு சரியாக யாரும் சுதி பிடித்திருக்க மாட்டார்கள். மெலேசாலா வெற்றியோடு திரும்பினாள்.

"பாத்தீங்களா!"

யாரும் பார்க்கவில்லை. முதல் மணியா இரண்டாவதா என்று எண்ணாமல் கூடத்தில் இருபது தலைகளும் குனிந்திருந்தன. கண்கள் மூடியிருந்தன. ரோட்டில் சைக்கிள்கள் சரிந்து கிடந்தன; அடுப்படிகளில் பேச்சு அடங்கிவிட்டது. மணி அடித்தால் அடங்க வேண்டும் என்று எட்டு வருடமாக அவள்தானே பழக்கினாள். இளைஞர்கள் ஓடிவந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவன் காரின் அலறலுக்கு நடுவே அவள் பக்கம் குனிந்து, "அத்தை, ஜெப நேரம். உள்ள போங்க," என்றான்.

"நான்தான்டா அடிச்சேன்!"

"யாரு அடிச்சா என்ன அத்தை? மணி அடிச்சாச்சு."

வேறு வழியில்லாமல் சாவியை அமுக்கிக் காரை அடக்கிவிட்டு, கூடத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்து தலை குனிந்தாள். போதகர் தன் வீட்டிலிருந்து வந்து என்ன ஏதென்று விசாரித்து, நிலைமை புரிந்து மூன்றாவது மணி அடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அடித்ததும் கார் மறுபடி கத்தியது. ஆனால் அதற்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஜெபத்துக்கு விளையாட்டாக மணி அடித்தது தப்பு என்று ஒரு கூட்டம். மெலேசாலாவின் பதவி போச்சு என்று இன்னொரு கூட்டம். கத்தி ஓய்ந்த காரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்போது, யாரும் எதிர்பாராமல், ஃபுவாதினோ விசிறியை மடக்கினாள்.

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றாள், வேண்டா வெறுப்பாக. "அவ சொன்னது நிஜம்தான். முதல் அடி விழுந்ததும் கார் லைட்டு ரெண்டும் மினுங்குச்சு. யாகோபோ இங்க இல்லவே இல்ல. நான் பாத்தேன்."

தலைகள் எல்லாம் ஃபுவாதினோ பக்கம் திரும்பின. மெலேசாலாவின் வழக்கு ஜெயித்துவிட்டது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவதுதான்.

"பாத்தியா?" என்றாள் மெலேசாலா. "மணி அடிச்ச அப்புறம் கண்ணைத் திறந்தா வச்சிருந்தே?"

 போதகரம்மாவே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினாள். கூடமே சிரித்தது. மெலேசாலாவுக்கு மட்டும் என்ன சிரிப்பு என்று விளங்கவில்லை.

"நல்லா இருக்கே! நான் உனக்காகத்தானே சாட்சி சொன்னேன்!" என்றாள் ஃபுவாதினோ.

"அது வேற. இது வேற. ஒரு பெட்டி மீன் வைக்கணும்."

"சரி, கை தூக்குங்க," என்றாள் போதகரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மெலேசாலாவே இருக்கட்டும்னு நினைக்கிறவங்க?"

முதலில் எழுந்தது ஃபுவாதினோவின் கைதான். "இவளுக்குப் பதவி இல்லாம போச்சுன்னா," என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள், "நாள் முழுக்க வேலை இருக்காது. என் வீட்டுத் தூணுக்கு எதிரே பாயைப் போட்டு உட்கார்ந்துக்குவாடி."

அது காதுக்குக் காது பரவ, இன்னும் பதினைந்து கைகள் வேகமாக எழுந்தன.