அக்கரை அம்மா

கீழைவானின் கருமை கரைந்து சாம்பல் பூத்து, சாம்பலும் கலைந்து செம்மை படர, அகன்று கிடந்த அவ்வாற்றின்மேல் கவிந்திருந்த பனிப்படலம், உறங்குவார் மேலிருந்து போர்வையை மெல்ல விலக்கினாற்போல விலகிக்கொண்டிருந்த வைகறைப் பொழுது அது. கரையோரம் நிரையாய் நின்ற சாயப்பட்டறைகளிலிருந்து முதற்புகை எழுந்தது. முந்தையநாள் நனைத்த துணிகள் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாய்க் கொடிகளில் அசைவற்றுத் தொங்கின. துறையிலோ, கட்டுத்தறியில் பிணித்த கன்றுபோல, ஒற்றைத் தோணியொன்று கயிற்றை இழுத்துப் பார்ப்பதும் தளர்வதுமாய் ஆடிக்கொண்டிருந்தது.

அத்தோணிக்கு உரியவனும், பட்டறையொன்றில் நீலத்தொட்டி காக்கும் அவன் மனைவியும், துறையை அடுத்த ஈரறை வீட்டில் வாழ்ந்தனர். மகப்பேறு வாய்க்காத அவ்விருவர் கையில், மூன்று ஆண்டுகட்கு முன், பல்லும் முளையாத பெண்மகவு ஒன்று வந்து சேர்ந்தது. கணவனை இழந்து, காசநோய் முற்றி, அக்கரை மருத்துவமனையில் கிடந்த இளந்தாய் ஒருத்தி, நலம் பெற்றதும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி வளர்க்கக் கொடுத்த பிள்ளை அது. நோய் தொற்றுமோ என்றஞ்சி, அவள் ஒருமுறையேனும் வந்து பார்த்தாளில்லை. நேரே தவழாமல் பக்கவாட்டில் தவழ்ந்ததால் ‘நண்டு’ என்று தோணிக்காரன் நகையாடி வைத்த பெயரே பிள்ளைக்கு நிலைத்தது. அக்கரையிலும் உனக்கோர் அம்மா உண்டு என்று நாள்தோறும் சொல்லி வளர்த்தவள் சாயக்காரியே. எனினும், அச்சொல் மெய்யாகும் நாள் வாராதென்றே அவள் நெஞ்சின் ஒரு மூலை நம்பிக்கிடந்தது.

அவ்வைகறையே அந்நாளாய் விடிந்தது. நோய் தீர்ந்தும் மெலிவு தீராத அவ்விளந்தாய், பிள்ளையோடு தொடர்வண்டி ஏறித் தொலைவூரில் வாழும் தன் தமையன் வீட்டிற்குச் செல்வதற்காக, முதல் தோணியிலேயே வந்திறங்கினாள். தன் பிள்ளையையே தொடத் தயங்கி, கட்டிலின் ஓரத்தில் விருந்தாளிபோல் அமர்ந்து, அவள் ஒவ்வொன்றாய்க் கேட்டாள். சூடான எதையும் நண்டு தொடாள் என்பதையும், இடிக்கு அஞ்சாதவள் சேவலுக்கு அஞ்சி ஓடுவாள் என்பதையும் சாயக்காரி ஒளிக்காமல் சொல்லிவந்தாள்.

“தூங்க வைக்கிறது எப்படிக்கா?” என்று கேட்டாள் இளந்தாய்.

சாயக்காரி தன் உள்ளங்கையில் உள்ளங்காலை ஏந்திக்கொண்டாலன்றிப் பிள்ளை இமை மூடாள். எல்லாவற்றையும் வாரிக் கொடுத்தாயிற்று, இஃதொன்றேனும் என்னிடம் எஞ்சட்டும் என்று வளர்த்தவள் உள்ளம் கையை இறுக மூடிக்கொண்டது.

“படுக்கப் போட்டாப் போதும்மா. தானாத் தூங்கிருவா” என்றாள்.

தோணியேறும் களிப்பில் துள்ளிய நண்டு, “நீ வரலியாம்மா?” என்று திரும்பிக் கேட்டாள். பட்டறையில் வேலையிருப்பதாகச் சொன்னவள், ‘போய்ட்டு வா’ என்னும் வழக்குச்சொல்லின் முன்பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். தோணிக்காரன் எவர் முகத்தையும் பாராமல் கயிற்றை அவிழ்த்தான்.

தொட்டியில் துணியை அமிழ்த்தித் துழாவிக்கொண்டிருந்தவள் செவியில், தண்ணீரின் மேலாய் ஓர் அழுகுரல் வந்து விழுந்தது. கரை விலக விலக, உடன் வாராதவளை எண்ணி நண்டு அழத் தொடங்கியிருந்தாள். இவ்வழுகை இரவும் தொடரும். அவ்வூரில் யாரும் அறியாத ஒன்றைக் கேட்டு அப்பிள்ளை ஓயாது அழும். நான் பூட்டிவைத்ததற்கு அவளன்றோ தண்டம் செலுத்துகிறாள்! இவ்வாறு எண்ணிய கணமே துழாவுகோலை எறிந்து, நீலம் வழியும் கைகளோடு அவள் ஓடினாள். துறையில் நில்லாது, இடுப்பளவு நீரில் இறங்கினாள்.

“உள்ளங்காலப் பிடிச்சுக்கம்மா! அவ உள்ளங்காலக் கையில பிடிச்சுக்க, அப்பதான் தூங்குவா!”

எதிர்க்காற்று சொற்களைச் சிதறடித்தது. ஆயினும் நடு ஆற்றில் துடுப்பு நின்றது. தோணிக்காரன் பின்னால் குனிந்து ஏதோ சொல்வதும், இளந்தாய் தலை தாழ்த்துவதும், நிழலுருக்களாய் அவளுக்குத் தெரிந்தன. பிறகு தோணி நகர்ந்தது.

உச்சிப்பொழுதில் மீண்டவன், ஈர உடை மாற்றாமல் துறைப்படியில் அமர்ந்திருந்தவளருகே வந்து அமர்ந்தான்.

“அழுதாளா?”

“கொஞ்ச நேரம். அந்தப் பொண்ணு காலப் பிடிச்சதும் அடங்கிட்டா. கரை சேர்றதுக்குள்ள தூங்கிட்டா. அப்படியே தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க.” துடுப்பைப் படியில் சாய்த்துவைத்தவன், “அக்கரை இவ்வளவு பக்கம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது” என்றான்.

நல்லது என்றாள் அவள். தன் கையின் சூட்டிற்கே பிள்ளை உறங்கினாள் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தவளுக்கு, எந்தக் கை ஏந்தினாலும் அவள் உறங்குவாள் என்னும் செய்தி ஒருங்கே ஆறுதலும் வாளுமாய் இறங்கிற்று. கணவனின் தோளில் நெற்றியைச் சாய்த்து, அதுவரை அழாதிருந்ததையெல்லாம் அவள் அழுதாள்; அவன் தடுக்கவில்லை.

ஈன்றவள் தன் மகவு நோயின்றி வாழவேண்டுமென்று பிறர் கையில் வைத்தாள்; வளர்த்தவள் அது அழாது உறங்கவேண்டுமென்று தன்னிடம் எஞ்சியதையும் கொடுத்தாள். இவ்விரு கொடைகளுள் எது பெரிதென அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. கொடுத்தது நன்றென்று தெளிந்ததால் அவள் நெஞ்சு ஆறிற்றோ எனின், ஆறவில்லை. அறம் செய்தார் அழமாட்டார் என்று எந்நூலும் எங்கும் உரைத்ததில்லை.