ஐந்தாவது கயிறு

ஈரத் துணியால் அப்பாவின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், உள்ளங்கையை விரித்ததும் நிறுத்தினாள். சுண்டுவிரலின் அடியிலிருந்து குறுக்காக ஒரு தடம். தோல் உரிந்து சதை தெரிந்தது. மற்ற கையையும் பிரித்துப் பார்த்தாள். அதே அகலம், அதே சாய்வு.

"அப்பா நாற்காலியில உக்காந்திருந்தார்னு தானே சொன்ன?"

கதவருகே நின்ற தம்பி பார்வையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஆமாக்கா. டீ குடிச்சிட்டிருந்தார். அப்படியே சாஞ்சிட்டார்."

"அப்ப கையில என்ன இது?"

"தோட்டத்துல ஏதாவது பண்ணியிருப்பார். சும்மா இருக்கிற மனுஷனா அவரு?"

காலடியில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. "சீக்கிரம் துடைம்மா. இன்னும் நேரமானா உடம்பு வெறச்சிடும், சட்டைய மாட்ட முடியாது" என்றாள்.

வெளியே எதுவோ படார் என்று அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். மாட்டுக் கொட்டகைக்கு அப்பால், வெறும் நிலத்தில், இரும்புக் குழாய்களை வளைத்து நட்ட எலும்புக்கூடு மாதிரி ஒன்று நின்றது. இரண்டு பேருந்துகளை உள்ளே நிறுத்தலாம். அதன்மேல் போர்த்த வேண்டிய வெள்ளைத் துணி உச்சிவரை ஏறி அங்கேயே நின்றுபோயிருந்தது. காற்று அதை ஊதிப் பெரிதாக்கிக் கீழே அறைந்தது. காலை ஆறு மணிக்கு அப்பா சாய்ந்ததாகத் தம்பி சொன்ன நாற்காலி அதன் பக்கத்தில்தான் கிடந்தது.

ஒரு வருடமாகத் தம்பிக்கு அந்தத் துணி ஷெட் பேச்சுதான். வைக்கோல் நனைகிறது, டிராக்டர் துருப்பிடிக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபிறகு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை, இவளே அவனிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். "தெரியும்கா" என்பான். தெரிந்தவன் செய்கிற வேலையா இது? ஆள் குறைந்திருக்கும். துணி இழுக்கும் கயிற்றை அவரைப் பிடிக்கச் சொல்லியிருப்பான்.

பத்து மணிவாக்கில் ஷெட் போட வந்த ஃபிட்டர் வாசலில் வந்து நின்றார். இவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தம்பி எழுந்து ஓடி, அவர் முழங்கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனான். ஐந்து நிமிஷம். திரும்பி வந்தபோது அவன் மட்டும்தான் வந்தான்.

"என்னடா சொன்னார்?"

"காத்து அதிகமாம். சாயங்காலம்தான் துணிய இழுக்க முடியுமாம்."

"இதைச் சொல்லவா அவ்வளவு தூரம் தள்ளிட்டுப் போன?"

அவன் உள்ளே போய்விட்டான். அவள் முடிவு செய்துகொண்டாள். இருட்டுவதற்குள் உண்மை தெரிய வேண்டும். அப்பாவைக் கயிறு இழுக்க வைத்தது அவன்தான் என்றால், இனி இந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை.

அடக்கத்துக்குப் போன வண்டியில் அவன் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. தோளோடு தோள் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தாள். ஊரில் அவள் வாடகைக்கு நடத்தும் தையல்கூடத்தைக் காலி செய்ய வேண்டிய கெடு திடீரென நினைவுக்கு வந்தது. பதினெட்டு மெஷின். எங்கே போடுவது என்று தெரியாமல் போன வாரம் அப்பாவிடம் புலம்பியிருந்தாள். "இடம் இருக்கும்மா, வெள்ளிக்கிழமையே லாரிய அனுப்பு" என்றார். பழைய சாமான் அறையைச் சொல்கிறார் என்று நினைத்தாள். நேற்று ராத்திரிகூட, "இடம் ரெடிதானேப்பா?" என்று கேட்டிருந்தாள்.

லாரியை நிறுத்தச் சொல்ல வேண்டும். நாளை சொல்லிக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது ஐந்தரை. காற்று ஓய்ந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நிலத்துக்கு நடந்தாள். ஃபிட்டரும் அவருடைய இரண்டு ஆட்களும் கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். துணியின் ஓரத்தில் கட்டிய ஐந்து கயிறுகள் வளைவுகளைத் தாண்டி இந்தப் பக்கம் தொங்கின.

உள்ளே நுழைந்தவள் தரையைப் பார்த்து நின்றாள். சுண்ணாம்புத் தூளால் கட்டங்கள் போட்டிருந்தது. வரிசைக்கு ஆறு. மூன்று வரிசை.

"இது யார் போட்ட கோடு?"

ஃபிட்டர் கயிற்றைச் சுருட்டுகிற மாதிரி குனிந்துகொண்டார். "பெரியவர்தாம்மா. நேத்து மத்தியானம் முழுக்க அதே வேலை. நடந்து போக வழி விடணும், துணி வெட்டுற மேசைக்கு வெளிச்சம் வேணும்னு அழிச்சு அழிச்சுப் போட்டார்."

அவள் கட்டங்களை எண்ணினாள். பதினெட்டு.

"காலைல காத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு. திங்கக்கிழமை பாத்துக்கலாம்னேன். வெள்ளிக்கிழமை மெஷின் வருது, நனையக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னார். ஒரு ஆள் வரல. சின்னவர் அவர் கையிலேர்ந்து கயிற்றப் பிடுங்கிக்கூடப் பாத்தார். 'ஒரு துணியக் காயப்போட எத்தன பேருடா வேணும் உங்களுக்கு'ன்னு பெரியவர் சிரிச்சார்."

"அப்புறம்?"

"காத்து தூக்குச்சு. அப்படித் தூக்குனா கயிற்ற விட்டுடணும்மா, அதான் இந்த வேலைல முதல் பாடம். விடுங்கன்னு கத்தினேன். நாலு பேரும் விட்டோம். அவரு மாடு புடிச்ச கை. திமிறுனா இன்னும் இறுக்கிப் புடிச்சுத்தான் பழக்கம். அப்படியே நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சாஞ்சார்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "சின்னவர் உங்ககிட்ட சொல்ல வேணாம்னார். நான் ஒரு ஓட்டவாய்."

வரப்பில் தம்பி வந்துகொண்டிருந்தான். பின்னால் அம்மா. அவளையும் தரையில் கிடந்த கோடுகளையும் பார்த்ததும் அவன் நடை தளர்ந்தது.

"ஏன்டா சொல்லல?"

"என்னன்னு சொல்ல?" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. அவன் சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"இப்பவும் ஒரு ஆள் குறையுது" என்றார் ஃபிட்டர் பொதுவாக. "விடிஞ்சா மறுபடி காத்து கிளம்பிடும். இன்னைக்கு மூடலேன்னா துணி கிழிஞ்சிடும்."

அவள் போய்க் கடைசிக் கயிற்றைப் பிடித்தாள். தம்பி பக்கத்துக் கயிற்றை எடுத்தான்.

"கையில சுத்திக்காதக்கா. இழுத்தா விட்டுடு."

"ம்."

ஃபிட்டர் எண்ணினார். மூன்று சொன்னதும் ஐந்து பேரும் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். துணி உச்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. மறுபடி எண்ணினார். மறுபடி இழுத்தார்கள்.

அம்மா எப்போது உள்ளே போனாள் என்று தெரியவில்லை. கட்டங்களுக்கு நடுவே குந்தி, கோடு அழியாமல், கிடந்த சரளைக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். துணியின் நிழல் தரையில் நகர்ந்து அவள் முதுகில் ஏறியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கட்டத்தை முடித்து அடுத்ததற்கு நகர்ந்தாள்.