அவனிடம் கேட்காதது

அமரர் வண்டி மூன்று மணிக்கு வந்ததா, மூன்றரைக்கா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சாவு நடந்த வீட்டு மகள் என்னோடு துணி ஆலையில் வேலை பார்ப்பவள். நடந்ததை இரண்டு தடவை சொன்னாள், இரண்டு தடவையும் வேறு வேறு நேரம். நானும் அங்கே இருந்தேன், கடிகாரம் பார்க்கவில்லை. அவள் தன் சித்தப்பா கையிலிருந்து நோட்டைப் பிடுங்கியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கூடத்தில் அவளுடைய அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சித்தப்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் யாரும்மா? உங்கப்பா இடம் வேற காலியாக் கெடக்கு," என்றார்.

நான்கு மாதங்களுக்கு முன் அவள் தம்பி தற்கொலைக்கு முயன்று பிழைத்தான். பல் செட் செய்யும் பட்டறையில் வேலை அவனுக்கு. அவன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே, ஆலையில் ஷிஃப்ட் பிரிப்பதுபோல வீட்டிலும் அவனைக் காவல் காக்க ஒரு அட்டவணை போட்டாள் அவள். ஏழு பேர். ஒருவர் எழுந்து போகும்போது அடுத்தவருக்காக நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும்: சாப்பிட்டான். தூங்கினான். பேசவில்லை.

காலை ஷிஃப்ட் எப்போதும் அப்பாவுக்கு. அன்று காலை, தம்பியின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தபடியே அவர் இதயம் நின்றுவிட்டது. கதவைத் திறந்து பார்த்தவன் தம்பிதான்.

"அவன்கிட்ட அந்தப் பழைய பேச்சையே எடுத்துடாதீங்க. மறந்து போனதைக் கிளறின மாதிரி ஆயிடும்," என்றாள் அத்தை.

"யாரு அத்தை மறந்தது?"

"குரலை எறக்குடி. வந்தவங்க காதுல விழப்போகுது."

மகள் நோட்டோடு தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தம்பி கட்டிலில் இருந்தான்.

"பாத்ரூம் போனாலும் வாசல்ல ஆள் நிக்குது. மந்திரிக்குக்கூட இவ்வளவு காவல் கெடையாதுக்கா."

"சும்மா இரு."

"அந்த நோட்டை மறைக்க வேணாம். எல்லாப் பக்கமும் படிச்சுட்டேன். அப்பா எழுதினதுதான் தேவலை. 'இன்று இரண்டு முறை இருமினான்.'"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"நாலு மாசம்," என்றான் அவன். "ஏழு பேர். என்னைப் பத்தி ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கிட்டீங்க. என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

ஆலையில் ஒரு தறியின் சத்தம் மாறினால், பக்கத்தில் நிற்பவளைத்தான் அவள் முதலில் கேட்பாள். தம்பியிடமே கேட்கலாம் என்று ஏன் தோன்றவில்லை? ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. திட்டுவதுபோலத்தான் கேட்டாள்.

"இப்ப சாகணும்னு தோணுதாடா?"

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். இழுத்து முடித்தார்கள்.

"காலையிலேர்ந்து தோணுது," என்றான் கடைசியில். "என்னைக் காவல் காத்தே போயிட்டாருக்கா."

அப்படியெல்லாம் பேசாதே என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "சொல்லு," என்றாள்.

அவன் சொன்னான். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. நடுவில் இரண்டு தடவை கதவு தட்டப்பட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

"இதை டாக்டர்கிட்ட சொல்வியா?"

"நீ கூட வந்தா."

அங்கிருந்தே மருத்துவமனைக்குப் போன் செய்தாள். உடனே அழைத்து வரச் சொன்னார்கள்.

"வண்டி வந்துருமேக்கா."

"வரட்டும்."

வாசலில் அத்தை மறித்தாள். "பெத்தவரை அனுப்பி வைக்காம எங்கடி கெளம்பிட்டே? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரும் நாலு மாசமா சொன்னதெல்லாம் போதும் அத்தை. அப்பாவுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது. வழியை விடுங்க."

அதுவரை அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து, அத்தையின் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். "கூட்டிட்டுப் போ. இங்க நான் இருக்கேன்."

தம்பி பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தான். இப்போது அரை நாள் வேலைக்குப் போகிறான். சில வாரங்கள் மோசமாகப் போகின்றன. அப்போது அவனே அக்காவைக் கூப்பிட்டுச் சொல்கிறான். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவனிடமே கேட்கிறார். அம்மா மகனோடு இருக்கிறாள். அத்தை அந்த வீட்டுக்கு வருவதில்லை. மகள் பழையபடி ஆலைக்கு வருகிறாள். அப்பாவின் கடைசிப் பயணத்தில் இல்லாமல் போனதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.