வெட்டாத காது

என் புருஷன் திருச்செல்வத்துக்குப் புத்தி இருக்கிறது என்று சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருடைய அம்மா, மற்றவர் அவரே.

இந்த வருஷம் ஹந்தானையில் மழை ஏமாற்றிவிட்டது. நாங்கள் குடியிருக்கும் தோட்ட லயத்துக்கு மேலே புல்லெல்லாம் கருகிப் போனது. எங்கள் நாலு பசுக்களும் மடி வற்றி எலும்பும் தோலுமாய் நின்றன. எல்லாரும் ஒரேயடியாக மாட்டை விற்க ஓடியதால் இறைச்சிக்கடைக்காரன் வாய்க்கு வந்த விலைக்குக் கேட்டான்.

"ஹஜ்ஜுப் பெருநாள் வரட்டும். பெருநாளுக்கு மாடு வாங்க வர்ற அக்குறணை மக்கீன் நானா நல்ல வெல குடுப்பாரு" என்றார் இவர். எங்களிடம் இருந்த மூன்று காளைகளையும் அந்த விலைக்கு விற்றால் வைக்கோலும் புண்ணாக்கும் வாங்கிப் பசுக்களைக் காப்பாற்றிவிடலாம். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு அது. அதையும் அவரே கெடுத்தார்.

தீனிக்காக மாடுகளை ஓடைப் பக்கம் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. அங்கே ஊர் மாடெல்லாம் கலந்து நிற்கும். அடையாளத்துக்கு மற்றவர்கள் கொம்பில் பெயின்ட் பூசினார்கள். இவருக்கு அது போதவில்லை.

"பெயின்ட் மழையில கரைஞ்சிரும்டி. காத வெட்டி விட்டா எவனும் தன்னோட மாடுன்னு சொல்ல முடியாது."

மழையாம்! நாலு மாசமாக ஒரு துளி விழாத ஊரில் மழைக்குப் பயந்த ஒரே மனிதர் என் புருஷன்தான்.

ஒவ்வொன்றுக்கும் பாதிக் காதை வெட்டிக்கொண்டே வந்தார். ராசுவிடம் வந்தபோது குறுக்கே நின்றுகொண்டேன். தாய் செத்த பிறகு போத்தலில் பால் கொடுத்து நான் வளர்த்த காளை அவன்.

"இவன் மேல கத்தி பட்டுச்சு, ஒங்க காத நான் அறுத்துருவேன்" என்றேன். செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

பெருநாளுக்கு முந்திய வாரம் மக்கீன் நானா லொறியோடு வந்தார். முதல் காளையின் தலையைத் திருப்பிப் பார்த்ததுமே முகம் சுளித்தார்.

"என்ன வேல பாத்து வச்சீக்கிறீங்க? காது பாதி போன மாட்ட குர்பான் குடுக்கேலா. அறுத்துக் குடுக்கிற மாட்டுல ஊனம் ஈக்கப்படாது."

வருஷா வருஷம் அவருக்கே மாடு விற்கிறவர் இவர். அந்த மனிதர் எதற்குக் காதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார் என்று ஒருநாளாவது கேட்டிருப்பாரா? வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மக்கீன் நானா இரண்டாவது காளையையும் தள்ளிவிட்டு ராசுவிடம் வந்தார். பல்லைப் பார்த்தார். இரண்டு காதையும் தடவினார்.

"இது நல்ல மாடு. இதுக்கு மட்டும் பெருநாள் வெல தாரன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பட்டியில் பசுக்கள் வெறும் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன.

என் புருஷனுக்கு அதற்குள் உயிர் வந்துவிட்டது. "பாத்தியா, ஒண்ண மட்டும் வெட்டாம விட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றார்.

அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினேன். வேறு யார் இழுத்தாலும் ராசு நகரமாட்டான். நான் முன்னால் நடந்தால் எங்கே என்றாலும் வருவான். லொறிக்குள்ளும் வந்தான்.