கடல் வாங்கும் வரை

விவசாயிக்கு ஏது ரிட்டயர்மென்ட் என்று ஊரே சிரித்தது. பஞ்சநதம் சிரிக்கவில்லை. டீக்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம், "நான் ரிட்டயர்டு" என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார். அப்படிச் சொல்லவைத்தவள் நாகம்மாள்.

முந்தின வருஷத்துக் கார்த்திகை மழையில் வரப்பை வெட்டிவிடப் போனவர் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு விட்டுப்போய், எழுந்திருக்க முடியாமல் தண்ணீரிலேயே கிடந்தார். காப்பி ஆறிப்போகிறதே என்று தேடிப் போனவள் நாகம்மாள். முதலில் மண்வெட்டிதான் கண்ணில் பட்டது. அப்புறம் தலை. தண்ணீர் காதுவரை ஏறியிருந்தது. அவள் அழவில்லை. தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஆள் வரும்வரை ஒன்றையே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி இந்த மனுஷன் வயலில் இறங்கக் கூடாது.

நடக்கத் தொடங்கியதும் நிலத்தைப் பிரபுவுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். தூரத்து உறவில் மருமகன் முறை. சூதுவாது தெரியாத பையன். "இனிமே வயல் பக்கம் போக மாட்டேன்" என்று பஞ்சநதம் வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தினமும் சாயங்காலம் வயலைப் பார்த்தபடி மாடியில் நின்றார்.

அது போதாது என்று நாகம்மாளுக்குத் தெரியும்.

அவளுக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. கோடியக்கரைக்குப் போய்ப் பூநாரை பார்க்க வேண்டும். பூநாரை பனிக்காலத்தில்தான் வரும். பனிக்காலத்தில்தான் சம்பாவும் நிற்கும். பயிர் நிற்கும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற வழக்கம் அவர்கள் பக்கத்தில் இல்லை. தங்கை கல்யாணத்துக்கே காலையில் போய் மாலையில் திரும்பியவள் அவள். கீழ்வேளூர்ப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், இதோ இருக்கிற கோடியக்கரையை அவள் பார்த்ததில்லை. இந்தத் தையில்தான் அவர்களுக்கென்று பயிர் இல்லை.

"பஸ்ல போயிட்டு வந்துருவோம்" என்றார் பஞ்சநதம்.

"பஸ்ல வேணாம். வழியெல்லாம் ஜன்னல்ல எட்டிப் பாத்து, அவன் வயல்ல களை, இவன் வயல்ல பூச்சின்னு சொல்லிக்கிட்டே வருவீங்க. படகுல போவோம். கடல்ல வயல் கெடையாது."

படகுக்கு மதிவாணன் கிடைத்தான். அவன் அம்மா தலைச்சுமையாக மீன் கொண்டுவந்து அவர்கள் தெருவில் விற்றவள். அறுவடை சமயத்தில் மீனுக்கு நெல் வாங்கிப் போவாள். அந்தப் பழக்கத்தில், தன் ஃபைபர் படகில் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டைக் கட்டிவைத்து, மேலே நிழலுக்குத் தார்ப்பாய் போட்டுத் தந்தான். கரையோரமாகவே போவது, பொழுது சாயும் முன்னே ஏதாவது ஊரில் இறங்கித் தங்குவது என்று பேச்சு.

முதல் நாள் பிற்பகலில் கிளம்பி நாகூரிலிருந்து நாகப்பட்டினம்வரை வந்தார்கள். அன்று மாலையே வானம் இருட்டிக்கொண்டது. தையில் யாரும் கேட்காத மழை. மறுநாள் முழுக்கக் கொட்டியது. படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். லாட்ஜ் அறையில் பஞ்சநதம் ஜன்னலை விட்டு நகரவில்லை. அங்கிருந்து தெரிந்தது எதிர்க்கட்டடத்துத் தகரக்கூரை மட்டும்தான். அதில் விழுகிற சத்தத்தை வைத்தே வயலில் எவ்வளவு நிற்கும் என்று அவர் அளந்துகொண்டிருந்தார். நாகம்மாள் முறுக்கு டப்பாவை நீட்டினாள். கை மட்டும் வந்து எடுத்துக்கொண்டது.

அடுத்த நாள் காலை வெயில் அடித்தது. தடை நீங்கியது. படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது பிரபுவின் போன் வந்தது. பஞ்சநதம் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, கீழ்ப்பங்குல முழங்காலுக்குத் தண்ணி நிக்குது. கதிரு சாஞ்சு கெடக்கு. எந்த எடத்துல வெட்டி விடுறது?"

"வெட்டாத. இரு. நான் வரேன்."

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றத் தொடங்கிவிட்டார். நாகம்மாள் போனை வாங்கினாள்.

"பிரபு, அத்தை பேசுறேன். தென்கெழக்கு மூலையில கருவமரம் நிக்குதுல்ல, அதுக்கு ரெண்டடி இந்தப்பக்கம் பழைய மடை. மண்ணு இளக்கமாத்தான் இருக்கும். அங்க வெட்டு."

"அத வெட்டினா வடிகால் தண்ணி உள்ள வந்துரும் போலருக்கு அத்தை. வடிகாலே ததும்பி நிக்குது. நகரவே இல்ல."

"கடல் வாங்கல" என்றார் பஞ்சநதம்.

வயல் தண்ணீர் வடிகாலில் விழ வேண்டும். வடிகால் வெள்ளையாற்றில் விழ வேண்டும். ஆறு கடலில் விழ வேண்டும். காற்று கடலைக் கரையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தால் கடல் ஆற்றை வாங்காது. ஆறு தேங்கினால் வடிகால் தேங்கும், வடிகால் தேங்கினால் வயல் முழுகும். கடைமடையில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கடல் வாங்கலன்னா நீங்க போயி என்ன பண்ணுவீங்க?" என்று போனை வைத்துவிட்டு நாகம்மாள் கேட்டாள்.

"நிப்பேன்."

"எங்க?"

"வரப்புல."

"நீங்க வரப்புல நின்னா கடல் வாங்கிருமா?"

மதிவாணன் சட்டென்று குனிந்து, முடிச்சுப் போட்டிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் முடிச்சுப் போட்டான்.

"முத்தின கதிருடி. இன்னும் ரெண்டு நாள் தண்ணியில கெடந்தா மொளைச்சிரும்."

"தெரியும். நானும் அந்த வயல்லதான் கெடந்தேன்." அவள் மதிவாணன் பக்கம் திரும்பினாள். "தம்பி, வெள்ளையாறு கடல்ல விழுற எடம் எங்க இருக்கு?"

"செருதூர்லம்மா. வேளாங்கண்ணியத் தாண்டினா வந்துரும். நாம போற வழிதான்."

"ஏறுங்க" என்றாள் கணவனிடம். "வயல்ல நின்னா தண்ணி நிக்கிறதத்தான் பாப்பீங்க. போவுதா இல்லையான்னு அங்கதான தெரியும்? அங்க போயி பாப்போம்."

பஞ்சநதம் யோசித்தார். "அங்கேருந்து பஸ் ஸ்டாண்டு கிட்டயா தம்பி?"

"ரொம்பக் கிட்ட ஐயா. ஆட்டோ நிக்கும்."

நாகம்மாள் மதிவாணனை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி, பாப்போம்" என்றார் பஞ்சநதம். "வாங்கலன்னா நான் அங்கேயே எறங்கி பஸ் ஏறிருவேன்."

"சரி."

சொல்லிவிட்டாளே தவிர, கடல் வாங்குமா வாங்காதா என்று அவளுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். இன்றைக்குப் போனால் நாளைக்கு அறுவடை மிஷினுக்கு அலைவார். அதற்கடுத்து நெல் கொள்முதல் நிலைய வாசலில் காவல் கிடப்பார். அடுத்த கார்த்திகையில் மண்வெட்டி தோளுக்கு ஏறிவிடும். அவள் மறுபடியும் காப்பியை மூடிவைத்துவிட்டுத் தேடிப் போக வேண்டும்.

படகு தெற்கே திரும்பியது. கடல் இன்னும் கலங்கித்தான் இருந்தது. அலை மட்டும் அடங்கியிருந்தது. பின்னால் கலங்கரை விளக்கம் சிறுத்துப்போனது. நாகம்மாள் தரையைப் பார்த்தாள். பென்சிலால் இழுத்த கோடு மாதிரி இருந்தது. சவுக்கு மரங்கள் இல்லையென்றால் அதுவும் தெரியாது. இவ்வளவு தாழ்ந்த தரையிலா வீடு கட்டி, நாற்று விட்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, இத்தனை காலம் இருந்தோம் என்று வியப்பாக இருந்தது. நீர் வடிவதற்கு அங்கே சரிவே இல்லை. வடிவதே அதிசயம்தான்.

"அங்க பாருங்க, கோயில்" என்றாள். வேளாங்கண்ணி மாதா கோயில் கோபுரங்கள் வெள்ளையாக எழுந்து வந்தன.

"ம்."

"எவ்வளவு வெள்ளையா இருக்கு."

"ம். தண்ணி முழங்காலுக்குன்னானே. அவன் முழங்காலா, என் முழங்காலா?"

"உங்களவிட அவன் ஒசரம்."

"அப்ப எனக்குத் தொடைக்கு வரும்" என்றார்.

செருதூரில் மணல்திட்டைச் சுற்றிக்கொண்டு மதிவாணன் படகை ஆற்றுக்குள் விட்டான். வரிசையாகப் படகுகள் கட்டியிருந்தன. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தான். பஞ்சநதம் எழுந்து தண்ணீரையே பார்த்தார். பச்சைத் தண்ணீர், கடல் தண்ணீர், ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"மொதல்ல சாப்பிடுவோம்" என்று நாகம்மாள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் பஞ்சநதம் இலையைத் தண்ணீரில் போட்டார். அது மெல்லத் திரும்பி, மேற்கே, ஆற்றுக்குள்ளேயே போனது.

"பாத்தியா? மேக்க போவுது."

"பாத்தேன்."

"சொன்ன சொல்லு சொன்னதுதான்." குனிந்து செருப்பைக் கையில் எடுத்தார். ஒரு காலைப் படகுக்கு வெளியே வைத்துவிட்டார். கணுக்கால்வரை தண்ணீர்.

"போங்க" என்றாள் நாகம்மாள். "நான் வரல."

"வரலன்னா?"

"நான் கோடியக்கரைக்குப் போறேன்."

"ஒண்டியாவா?"

"மதிவாணன் தம்பி இருக்கு. ராத்திரி மாத்திரை பையில முன்னாடி இருக்கு, எடுத்துக்குங்க. வீட்டுச் சாவி இந்தாங்க." நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. இந்தத் தடவ வரப்புல விழுந்தீங்கன்னா, தேடி வர நான் ஊர்ல இருக்க மாட்டேன்."

குரல் உயரவில்லை. சாவியை நீட்டிய கையும் இறங்கவில்லை.

மதிவாணன்தான் பேசினான். "ஐயா, கடல் ஏத்தம் நிக்கிற நேரம்தான் இது. காத்தும் விடியும்போதே விழுந்துருச்சு. செத்த இருந்து பாத்துட்டுப் போங்களேன். ஆட்டோ எங்கயும் ஓடிடாது."

பஞ்சநதம் படகு விளிம்பில் உட்கார்ந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் தண்ணீரில், செருப்பு கையில். நாகம்மாள் நாற்காலியில். வயலில் தண்ணீருக்காகக் காத்திருந்த காலமெல்லாம் இருவரும் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு வரப்பில்.

இலை கொஞ்ச தூரத்தில் வேறொரு படகின் பக்கத்தில் நின்றுவிட்டதை அவள் முதலில் பார்த்தாள். ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தாள். ஒட்டவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

அப்புறம் ஆற்று வளைவில் ஒரு பச்சைக் குவியல் தெரிந்தது. ஆகாயத்தாமரை. அதன் மேல் கொக்கு ஒன்று, டிக்கெட் எடுத்துவிட்டு ஏறியது மாதிரி, நிமிர்ந்து நின்றபடி வந்தது.

பஞ்சநதம் எழுந்தார். "அது இங்க மொளைக்கிறதில்ல. உப்புத் தண்ணி அதுக்கு ஆவாது. மேலேருந்து வருது."

"ஒண்ணே ஒண்ணுதான வருது" என்றாள். அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

"இரு."

இன்னொரு குவியல் வந்தது. அதன் பின்னால் வைக்கோல், ஒரு பிளாஸ்டிக் குடம், முறிந்த கதிர்கள். பின்னாலேயே தண்ணீரின் நிறம் மாறியது. பால் குறைந்த டீயின் நிறம். அது படகுக்கு அடியில் புகுந்து, பச்சைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, மணல்திட்டைத் தாண்டி வெளியே விரிந்தது. கட்டிப்போட்ட படகுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. கொக்கு அவர்களைக் கடந்து கடல்வரை போய், வேண்டாமென்று பறந்தது.

"வாங்குது" என்றார் பஞ்சநதம். "வாங்குதுடி நாகு."

போனை எடுத்தார். செருப்பைப் படகுக்குள் வீசிவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பிரபு, எறங்குதா?"

"இல்ல மாமா. அப்படியேதான் நிக்குது."

"எறங்கும். இங்க போக ஆரம்பிச்சிருச்சு. அங்க வந்து சேர நேரம் ஆவும். வடிகால்ல தண்ணி மட்டத்துக்கு ஒரு குச்சிய நட்டு வையி. குச்சி ஒரு சாண் வெளிய தெரிஞ்சதும் வெட்டு. அத்தை சொன்ன எடத்துலயே வெட்டு. தண்ணி முழுக்க வடியிற வரைக்கும் கதிரக் கையால தொடாத."

"சரி மாமா." பிரபு கொஞ்சம் தயங்கினான். "இருந்தாலும் நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டீங்கன்னா தேவலாம். நம்ம வயலு. எனக்குப் பயமா இருக்கு."

நாகம்மாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை அவள் சொல்லியாயிற்று. சாவி இன்னும் கையில் இருந்தது.

பஞ்சநதம் அந்தச் சாவியைப் பார்த்தார்.

"பயமாத்தான் இருக்கும்" என்றார். "எனக்கும் இருந்துச்சு. உன் வயலுப்பா, நீதான் நிக்கணும். எனக்கு இங்க வேலை இருக்கு."

"என்ன வேலை மாமா?"

"பூநாரை."

"என்னது?"

"அத்தைகிட்டக் கேளு" என்று போனை அவள் மடியில் வைத்தார். பிரபு இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மதிவாணன் எஞ்சினைத் தட்டினான். பழுப்புத் தண்ணீரோடு சேர்ந்தே படகு வெளியே போனது. கடலில் நெடுந்தூரம்வரை அது கலக்காமல் தனியாக ஓடியது. அதன் விளிம்பைத் தாண்டும்போது பஞ்சநதம் கையை நீட்டி நனைத்து, முகர்ந்து பார்த்தார். நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் தரையும் தெரியும், கடலும் தெரியும். அதற்குமேல் ஒரே நாளில் கேட்கக் கூடாது என்று நாகம்மாள் நினைத்தாள்.

"ராத்தங்க வேதாரண்யத்துக்கு எப்பப் போவோம் தம்பி?" என்று கேட்டார்.

"பொழுதோட போயிரலாம் ஐயா."

அவர் வீசிய செருப்பில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கவிழ்ந்த செருப்பு வீட்டில் சண்டை கொண்டுவரும் என்பார்கள். நாகம்மாள் கால் விரலால் அதை நிமிர்த்திவிட்டு, வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.