மணிக்கட்டு வரை

கட்டிலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாகையாவின் பாதங்களைத் தரையில் பதியவைத்துக்கொண்டிருந்தாள் ஆயா கங்கம்மா. மூன்று வாரமாக அவர் எழுந்து நிற்கவில்லை. இப்படியே கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறதி நோய் முற்றி, அமெரிக்காவிலிருந்து பேசும் மகனின் பெயர்கூட அவரிடம் தங்கவில்லை. அந்த மகன் அனுப்பிய ஹெட்போனில் வீணை இசை போட்டுப்பார்த்தார்கள். மனிதர் அதைப் பிடுங்கி எறிந்தார்.

திருப்பதியின் அந்த முதியோர் இல்லத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று கங்கம்மாவுக்குத் தெரியும். நாகையா பாகாலா ரயில் பாதையில் கேங்மேனாக இருந்தவர். அவளுடைய அப்பாவுக்கும் அதே வேலைதான். பத்துப் பேர் கடப்பாரை போட்டுத் தண்டவாளத்தை நகர்த்தும்போது ஒருவர் பாடுவார். மற்றவர்கள் ஐலசா சொல்லி நெம்புவார்கள். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன வயதில் கேட்டது, அவளுக்கு அத்தனையும் மனப்பாடம்.

"நைனா, கடப்பாரை போட்டாச்சா?" என்றாள்.

அவர் விரல்கள் அவள் கைகளை இறுக்கின.

"பாகாலா கேட்டாண்ட..." என்று ராகமாக இழுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஐலசா!"

அந்த ஒட்டிய நெஞ்சில் அவ்வளவு குரல் மிச்சமிருக்கும் என்று யார் கண்டார்கள்? நாகையா நின்றார். கங்கம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

மறுநாளே மேனேஜர் பிரபாகர் அவள் பாட்டைச் செல்போனில் பதிந்துகொண்டார், அவள் நாகையாவைப் பிடித்து நிறுத்துவதைப் போட்டோவும் எடுத்தார். அடுத்த வாரம் வாசலில் 'இசை சிகிச்சை' என்று பெரிய போர்டு. கங்கம்மாவைக் கீழே கக்கூஸ் கழுவப் போட்டார்.

"பாட்டு போன்லயே இருக்குதில்ல, மேல ரேகா ஒருத்தி போதும்."

"பாட்டு மட்டும் தூக்காது சார். அவரு காலு ஊணிக்கினாரான்னு பாத்துத்தான் அடுத்த அடி எடுக்கணும். போனு பாக்குமா?"

"நீ என்ன டாக்டரா?"

மறுநாள் காலை துடைப்பமும் கையுமாக நின்றவளுக்கு மாடியிலிருந்து அவள் குரலே கேட்டது. பின்னாலேயே ஒரு ஐலசா. போனில் பாட்டு நிற்காமல் ஓடியது. இன்னொரு ஐலசா, முன்னதைவிட மெலிதாக. துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் படியேறினாள்.

பன்னிரண்டு கட்டிலையும் ஒருத்தியாகப் பார்க்கும் ரேகா, கடைசிக் கட்டிலில் யாருக்கோ துணி மாற்றிக்கொண்டிருந்தாள். நாகையா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பிடிக்க ஆளில்லை.

கங்கம்மா போனை அணைத்தாள். "வந்துட்டேன் நைனா. காலை ஊணிக்கோ."

அவர் எழுந்தார். ஜன்னல்வரை நடக்கவும் நடந்தார்.

"உனக்கு இங்க என்ன வேல?" வாசற்படியில் பிரபாகர்.

"ஆளைத் தூக்கி நிறுத்துற வேல" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

கீழே அனுப்பிவிட்டார்கள். வாசல் போர்டைத் துடைப்பதும் இப்போது அவள் வேலைதான். அதிலிருந்த போட்டோவில் நாகையா நிமிர்ந்து நின்றார். அவருடைய கைகளை, பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள் பிடித்திருந்தன. மணிக்கட்டோடு படம் வெட்டப்பட்டிருந்தது. கங்கம்மா ஈரத்துணியால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்தாள். துணி பிடித்த கையில் அதே வளையல்கள் குலுங்கின.