வியாழக்கிழமையின் கடைசி வரி

…இல்லை, இப்படித் தொடங்கக் கூடாது, 'இந்த வாரம் நாங்கள் கெமா போட்ட வீடு' என்று வழக்கம்போல எழுத முடியுமா, அது சாவு வீடு, துக்க வீட்டுக் கூடாரத்தைப் படம் பிடித்துப் போடுகிறவள் மனுஷியா… ஆனால் இன்று வியாழக்கிழமை, மூன்று மணிக்குள் வலைப்பூவில் ஏதாவது போட்டாக வேண்டும், விசேஷ வீடுகளுக்குக் கெமா, அதாவது கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் எங்கள் கடைக்காக ஒன்றரை வருஷமாக ஒரு வியாழன்கூட விடாமல் எழுதுகிறேன், காய்ச்சலில் கிடந்தபோதும் நாற்காலிக் கறையை எப்படிப் போக்குவது என்று நாலு வரி போட்டேன். "யாரு மாலா படிக்கிறா இதெல்லாம், சும்மா இரு லா," என்று லோரியில் கம்பி ஏற்றிக்கொண்டே சேது கேலி செய்வார், கட்டிய புருஷனே படிக்காத எழுத்து… குமுதா படிக்கிறாளே. ரவாங் தொழிற்சாலையில் வேலை, நான் முகம் பார்த்ததில்லை, ஆனாலும் போட்ட பத்தாவது நிமிடம் பின்னூட்டத்தில் வந்துவிடுவாள், "அக்கா, தை மாசம் என் கல்யாணத்துக்கு மஞ்சத் துணி கெமாதான், யாருக்கும் குடுத்துராதீங்க லா." அவளுக்காகவே அந்தத் துணியை இரண்டு முறை துவைத்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அந்த ஃபோன்… முதல் தடவையாக அவள் குரல், "அக்கா, நான் குமுதா, கெமா வேணும்," இந்த வாய்க்கு அப்படி என்ன அவசரம், "மஞ்சள்தானே தங்கச்சி? தேதி குறிச்சாச்சா?" என்று துள்ளினேன். "வெள்ள போதும்க்கா… அப்பா போயிட்டாங்க." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. புக்கிட் ரோத்தானில் அவர்கள் வாசலில் நாற்காலி அடுக்கும்போது பார்த்தேன், தலை கலைந்து, கண் வீங்கி, இத்தனை சின்னப் பெண்ணா… இனி ஒரு வருஷத்துக்குக் கல்யாணம் கிடையாது என்று யாரோ பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் போய் ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் வரவில்லை. சாவு வீட்டில் 'வருகிறேன்' என்று சொல்லக் கூடாது அல்லவா, அதையே சாக்காக வைத்துப் பேசாமல் லோரியில் ஏறிவிட்டேன், நேற்று கெமாவைக் கழற்றி எடுக்கவும் சேதுவைத்தான் அனுப்பினேன். இனி அவள் படிக்கவே மாட்டாளோ… வியாபாரம் போனால் போகட்டும், இந்தப் பெண் என்னை வெறுத்துவிடக் கூடாது.

சரி, மழையில் நனைந்து வந்த வெள்ளைத் துணியைப் பற்றியே எழுதினேன், நிழலில் காய விடுங்கள், அவசரப்படாதீர்கள், மடிப்பில் ஈரம் நின்றால் கறை பிடிக்கும்… அவசரப்படாதீர்கள் என்று யாருக்குச் சொல்கிறேன்? முடிவில் கை தானாக 'அழைத்தால் வருவோம்' என்று தட்டியது, ஒவ்வொரு வாரமும் அதுதான் கடைசி வரி. அப்பாவைப் பறிகொடுத்தவள் கண்ணில் அதுவா பட வேண்டும்? அழித்தேன். இரண்டு ஐம்பதுக்குப் போட்டேன். மூன்று ஆயிற்று, மூன்று ஐந்து… ஒருவரும் இல்லை. மூன்று பதினொன்றுக்கு அவள் பெயர். "அக்கா, கடைசி வரி விட்டுப்போச்சு." அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. அந்த வரியைத் திரும்பப் போடச் சொல்கிறாளா, இல்லை, என்னைத்தான் அழைக்கிறாளா…? எழுந்து நிற்கிறேன், செருப்புக்கூட மாட்டிவிட்டேன், இத்தனை வருஷத்தில் கெமா இல்லாமல் ஒருவர் வீட்டுக்கும் நான் போனதில்லையே.